முத்திரை இல்லா மடல்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள தங்கும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் இன்று ரூட்டர் என்னும் சிறு பெட்டி அமர்ந்திருக்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதன்று என உலாவி எச்சரிக்கும். நாமோ 'தொடர்க' என்பதை அழுத்திவிட்டுக் கடவுச்சொல்லை இடுகிறோம். இப்பழக்கம் தீதென்பது என் துணிபு.

அவ்வெச்சரிக்கையின் பொருளை மாணவர் பலரும் தவறாகக் கொள்கின்றனர். செய்தி மறையாக்கம் பெறுகிறது. மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்கே சான்று இல்லை. கருவி தனக்குத்தானே நற்சான்று எழுதிக்கொண்டிருக்கிறது. பூட்டிய பேழையை, வாங்குபவர் காவலரா கள்வரா என வினவாமல் ஒப்படைப்பதை இது ஒக்கும்.

"சான்றளிப்போரே தவறுவதில்லையா?" எனச் சிலர் கேட்பர். தவறியதுண்டு, அதுவும் நம் நாட்டிலேயே. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்கீழ் அமைந்த சான்றளிப்பு முறையில் இயங்கிய தேசியத் தகவலியல் மையத்தின் வழியாக, கூகுள் தளங்களின் பெயரில் முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருந்தமை 2014 ஜூலை 2ஆம் நாள் தெரியவந்தது. மைக்ரோசாப்ட் அம்மூலச் சான்றை ஏற்றிருந்ததால் விண்டோஸ் கணினிகள் ஏமாறக்கூடிய நிலை இருந்தது. ஆயினும் குரோம் உலாவி கூகுள் தளங்களுக்குரிய திறவுகோல்களைத் தானே அறிந்திருந்தமையால், அத்தளங்களின் பெயரில் வந்த போலிகளை அது ஏற்றிராது. சான்றளிப்பவர் வழுவிய இடத்திலும் சரிபார்க்கும் வழக்கமே காக்க வல்லது. அவ்வழக்கத்தையன்றோ நாம் நாள்தோறும் ஓர் அழுத்தலில் கைவிடுகிறோம்!

192.168.1.1 போன்ற உள்முகவரிக்குப் பொதுச் சான்றளிப்பு நிறுவனங்கள் சான்றிதழ் வழங்கா. எனவே நிறுவனம் தனக்கென ஒரு மூலச் சான்றை ஆக்கிக்கொள்ளல் நன்று. தனித்திறவுகோலைக் கருவியே உண்டாக்கட்டும். அது கருவியை விட்டு வெளியேற வேண்டா. விண்ணப்பம் மட்டும் வெளிவந்து, மூலச் சான்றின் ஒப்பம் பெற்றுத் திரும்பட்டும். பின்னர் மூலச் சான்றை அலுவலகக் கணினிகளில் பதித்தல் வேண்டும். கருவியின் முகவரி சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பகுதியில் இடம்பெறுதலும் இன்றியமையாதது. 2017 முதல் குரோம் பொதுப்பெயர்ப் பகுதியை நோக்குவதில்லை.

மலைவாழ்நர் கருத வேண்டியது ஒன்றுண்டு. மின்சாரம் போய்த் திரும்பியதும், மின்கலக் கடிகாரம் இல்லாக் கருவிகள் பழைய ஆண்டைக் காட்டும். அவ்வேளையில் ஆக்கப்பெறும் சான்றிதழ் காலாவதியாகியே பிறக்கவும் கூடும்! நேரத்தைத் திருத்திய பின்னரே பணியைத் தொடங்குக.

இதற்குரிய ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. கணினித்துறை மாணவர் இருவர்க்கு ஒரு பிற்பகல் போதும். அரிய பணி வேறொன்று. மூலத் திறவுகோலைக் கைப்பற்றியவர், அதனை நம்பும் கணினிகளுக்கு எத்தளத்தின் வடிவிலும் தோன்ற இயலும். ஆதலின் அதனை வலையில் இணையாத கருவியில் இட்டு, எந்த அலமாரியில், எவர் பொறுப்பில் வைப்பது என்பதை நிர்வாகத்தார் முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்தல் வேண்டும்.