யார் போட்டது சாதி ஓட்டு?

தேர்தல் முடிந்த மறுநாள் வங்கிக்குப் போனால் பக்கத்து கவுண்டர்க்காரர் கேட்பார்: "என்ன சார், உங்காளுங்க மொத்தமா ஒரே பக்கம் குத்திட்டாங்க போல?" பூத் பூத்தாக எண்ணிச் சொல்லிவிடுகிறார்களே, சேரி பூத்தில் எதற்கு விழுந்தது என்பது ஊருக்கே தெரியும். ஊர்த் தெரு பூத்தும் மொத்தமாகத்தான் குத்தியிருக்கும். அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பற்றை மட்டும் பார்த்துவிட்டு வரவைப் பார்க்காமல் கணக்கு முடிக்கிற குமாஸ்தாவை எந்த மேனேஜர் விடுவான்?

அவருக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஊர் சிகாகோ. நம் தலித் பாந்தர்கள் 1972இல் யாரைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டார்களோ, அந்தக் கறுஞ்சிறுத்தைகளின் ஃப்ரெட் ஹாம்ப்டனை 1969இல் போலீஸ் சுட்டுக் கொன்ற ஊர். சாகும்போது அவனுக்கு வயது 21.

அங்கே 1931 முதல் மேயர் நாற்காலி ஜனநாயகக் கட்சிக்குத்தான். கட்சி வேட்பாளர் ஆகிவிட்டால் ஜெயித்த மாதிரி. 1983 பிப்ரவரியில் கட்சிக்குள் நடந்த ஓட்டெடுப்பில் ஜேன் பைர்ன், ரிச்சர்ட் எம். டேலி என்று இரண்டு வெள்ளையர்கள் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, கறுப்பரான ஹாரால்டு வாஷிங்டன் முந்தினார்.

அவ்வளவுதான். வடமேற்கு, தென்மேற்கு வெள்ளை வார்டுகளில் பரம்பரைக் கட்சிக்காரர்கள் கூட்டங்கூட்டமாகக் குடியரசுக் கட்சி எப்டனிடம் ஓடினார்கள். 'காலம் கடந்து போவதற்குள்' என்றது எப்டனின் விளம்பரம். எதற்கு முன்னால் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஏப்ரல் 12இல் விழுந்த சுமார் 12.9 லட்சம் ஓட்டில் வாஷிங்டன் ஜெயித்தது ஏறக்குறைய 48 ஆயிரத்தில்.

கறுப்பர் ஓட்டு அநேகமாக முழுசும் அவருக்குத்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போட்டது வழக்கமான கட்சிக்கு. வெள்ளை வேட்பாளர்களுக்கு எத்தனையோ தேர்தலில் போட்டவர்கள். அப்போது அதற்குப் பெயர் கட்சி விசுவாசம்! அவர்களும் ஒருமுறை பெருமளவில் மாறிக் குத்தியிருக்கிறார்கள்: 1972இல், ஹாம்ப்டன் கொலைக்குக் காரணமான சோதனையை நடத்திய அரசு வழக்கறிஞரைத் தோற்கடிக்க. அவர்கள் மாறியது ஒரு கொலைக்காக. இவர்கள் மாறியது ஒரு தோலுக்காக.

எண்ணி முடித்ததும் சண்டை முடியவில்லை. 50 பேர் மாமன்றத்தில் 29 பேர், பெரும்பாலும் மேயரின் சொந்தக் கட்சிக்காரர்களே, அவர் நீட்டிய காகிதத்தையெல்லாம் தடுத்தார்கள். வார்டு எல்லை என்பது ஆறோ மலையோ அல்ல, ஆள் பார்த்துப் போட்ட கோடு. நீதிமன்றம் சொல்லிக் கோட்டைத் திருத்தி, 1986இல் ஏழு வார்டுகளுக்கு மறுதேர்தல் வைத்த பிறகுதான் 25க்கு 25 ஆனது. சமமாக விழுந்தால் மேயரின் ஓட்டு. 1987இல் மறுபடி ஜெயித்தவர் அதே நவம்பரில் பதவியிலேயே இறந்தார்.

தோழர்களே, அவர் தனியாக ஜெயிக்கவில்லை. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் பெரும்பாலோரும் வெள்ளையரில் கொஞ்சப் பேரும் கோட்டைத் தாண்டி வந்தார்கள். கறுப்பர் தெருவிலிருந்து யாரும் போய் அந்தக் கோட்டைப் போடவில்லை.

அடுத்த தேர்தலுக்கு மறுநாளும் பக்கத்து கவுண்டர்க்காரர் கேட்பார். நானும் கேட்பேன்: "ஆமா சார், மொத்தமாத்தான் போட்டோம். உங்க தெருவுல எங்காளு நின்னா நீங்க எதுல குத்துவீங்க?"