பூதம் காத்ததை இனி யார் காப்பது?

ஆதிச்சநல்லூர் என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டே கேள்விதான்: எத்தனை ஆயிரம் வருஷம்? எவ்வளவு தங்கம்? 1876இல் ஜாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004இல் தொடங்கிய அகழாய்வின் அறிக்கைக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். இதற்கெல்லாம் சண்டை போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாழிகளைப் பற்றி ஊர் சொன்ன கதைகள் எங்கே? அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

"சாவு வராத கெழடுகள உள்ள ஒக்கார வச்சி, சோறும் வெளக்கும் வச்சி மூடிருவாவளாம்" என்று சொல்லும் ஆச்சிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பூதம் காக்கும் புதையல் கதையும் அப்படித்தான். கனவில் இடம் காட்டும், தலைச்சன் பிள்ளையைக் காவு கேட்கும். படித்த நாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டோம்.

"புதையலுக்காக நரபலி கொடுக்கிறவன் இருக்கான், இதையா காப்பாத்தணும்?" என்பீர்கள். எழுதி வைப்பது வேறு, நம்புவது வேறு. நான் கேட்ட கதைகளில் தோண்டியவன் உருப்பட்டதே இல்லை. பேராசைக்கு என்ன விலை என்பதைத்தான் அவை சொல்கின்றன.

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கேயும் பழங்கோட்டை மேட்டடியில் புதையல், காவலுக்குக் கறுப்புப் பூனை, கேட்பது ஓர் உயிர். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளில் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் செய்தார்கள். கொடுத்த தலைப்புகளில் ஒன்று, 'மறைந்த புதையல்'. அந்த நோட்டுகளை இன்று யாரும் இணையத்தில் படிக்கலாம். விடுதலை பெற்று இருபது வருஷம்கூட ஆகாத ஏழை நாடு செய்த வேலை அது.

நம்மிடம் நா. வானமாமலை இருந்தார், கி.ரா. இருந்தார், பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. தனி மனிதர்களும் ஒரு கல்லூரியும் எவ்வளவுதான் சுமப்பார்கள்? அரசு எங்கே?

10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஆச்சியின் கதையை எந்த ஆபீசில் தெரிவிப்பது? தாமிரபரணிக் கரைப் பள்ளிகளில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுங்கள். ஒரு கோடை விடுமுறை போதும். பெர்லினில் இருக்கும் பானை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். ஆச்சி இருக்க மாட்டாள்.