வலிக்காத வியாதிகள்

நம் குடும்பங்களில் ஒருவர் டாக்டரிடம் போகிறார் என்றால், "உடம்புக்கு என்ன?" என்பதுதான் முதற் கேள்வி. "ஒன்றுமில்லை, சோதித்துக்கொண்டு வரலாமென்று போகிறேன்" என்று அவர் சொன்னால், ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஓட்டு வீட்டுக்காரர் ஐப்பசி மழைக்கு முன்னால், ஒழுக்கு இல்லாதபோதே, ஆள் ஏற்றி ஓடு மாற்றுவதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்பதில்லை. தேகத்துக்கு மாத்திரம் ஒழுகத் தொடங்கிய பிறகே ஆள் தேடுகிறோம்.

இந்த வழக்கத்துக்கு இரையாகும் வியாதிகள் இரண்டு: புற்று நோயும், நீரிழிவினால் உண்டாகும் கேடுகளும். இரண்டும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலி வந்து நாம் எழுந்திருக்கும்போது, வியாதி பாதி வழி போயிருக்கும்.

புற்று நோய் என்றதும் சென்னை அடையாற்றிலுள்ள ஆஸ்பத்திரி நினைவுக்கு வராமலிராது. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் சகோதரி 1923-ல் இந்நோயினால் காலமானார். அந்தத் துயரத்தை மறவாத அவ்வம்மையார் பல வருஷம் முயன்று, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அந்த நிலையத்தைத் தொடங்கி வைத்தார். சிகிச்சை அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் நோயாளி தாமதித்து வந்தால் எந்தச் சிகிச்சையும் பாதிப் பலந்தான் தரும்.

இனி நான் சொல்லப்போவது கருப்பை வாயில் உண்டாகும் புற்றைப் பற்றியது. குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடும்பத்துக்குள் வரும் நோயைக் குடும்பப் பத்திரிகையில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? ஹெச்.பி.வி. என்ற வைரஸ் பல ஸ்திரீகளுக்குத் தொற்றித் தானே விலகிவிடும். சிலரிடத்தில் நிலைத்துவிட்டால், அது புற்றாக முற்றப் பத்து, பதினைந்து வருஷங்கள்கூட ஆகும். இவ்வளவு நீண்ட தவணையை வேறு எந்தக் கடன்காரன் நமக்குக் கொடுக்கிறான்?

இத்தவணையைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய இடங்களுள் ஒன்று நம்முடைய திண்டுக்கல் ஜில்லா. 2000-ம் ஆண்டு தொடங்கி அங்கே கிராமம் கிராமமாக ஒரு பெரிய ஆராய்ச்சி நடைபெற்றது. 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளைப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் சோதித்தார்கள். சோதனை மிக எளியது. வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் தோய்த்துத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெடத் தொடங்கிய இடம் வெளுத்துக் காட்டும். அவ்விடத்தைக் குளிரூட்டி உறையச் செய்து அழித்துவிடலாம். 2007-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த கிராமங்களில் இந்நோயினால் மரணம் ஏறக்குறைய 35 சதவிகிதமும், நோய் உண்டாவதே நாலில் ஒரு பங்கும் குறைந்தன.

ஆனால் அதே அறிக்கையில் வேறொரு கணக்கும் இருக்கிறது. அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். அதாவது, பதினெட்டாயிரம் ஸ்திரீகள் வரவில்லை. கூலி போய்விடும் என்று சிலர் நின்றிருக்கலாம், கூச்சத்தினால் சிலர், புருஷர் அனுமதிக்காமல் சிலர். படித்த நம் வீடுகள் இதில் மேலானவை என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் எல்லோருக்கும் வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுக்கிற அம்மாள், தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் பெண்ணின் கல்யாணம் முடியட்டும், பிள்ளையின் பரீக்ஷை முடியட்டும் என்று ஒளித்து வைக்கிறாள். அதைத் தியாகம் என்று நாமும் புகழ்கிறோம்!

முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டுமென்பது இந்திய சர்க்கார் 2016-ல் வகுத்த முறை. ஹெச்.பி.வி. சோதனை கிடைக்குமிடத்தில் அதுவே வினிகர் சோதனையைவிடச் சிறந்தது. புகையிலை போடும் ஆண்கள் தங்கள் வாயைக் காட்டட்டும். இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணும், தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டும் வெற்றிலைச் சூடு அல்ல.

இதற்காகத் தலை முதல் கால் வரை படம் பிடித்துப் பார்க்கிற விலையுயர்ந்த சோதனைகளுக்கு ஓட வேண்டாம். தென் கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் இடையில் கழுத்திலுள்ள தைராய்டு கோளத்தை விழுந்து விழுந்து சோதித்ததில், கண்டுபிடிக்கப்பட்ட புற்றுகள் பதினைந்து மடங்காயின, மரணமோ குறையவில்லை. தேடத் தெரிந்த இடத்தில்தான் தேட வேண்டும். சோதனையில் சந்தேகம் என்று வந்தால் அது நோய் என்ற தீர்ப்பும் அல்ல. மேற்கொண்டு பார் என்ற உத்தரவுதான்.

நீரிழிவுக்கு வருவோம். 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் இவ்வியாதி உண்டு. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று இன்று எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பந்தியில்கூட அந்த எண்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சர்க்கரை கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பவர் சிலரே.

என் சக ஆசிரியர் ஒருவர் ஒரே வருஷத்தில் இரண்டு முறை மூக்குக் கண்ணாடி மாற்றினார். குற்றம் கண்ணாடியில் இல்லை. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து கொண்டிருந்தன. லேசர் சிகிச்சையினால் ஒரு கண்ணைக் காப்பாற்றினார்கள். மற்றொன்று போனது போனதுதான். பார்வை தெளிவாக இருக்கும்போதே பார்த்திருந்தால் இரண்டும் இருந்திருக்கும். நடு வயதில் வரும் நீரிழிவு, தெரிய வருவதற்குப் பல வருஷம் முன்பே குடிபுகுந்திருக்கக் கூடும். ஆகையால் வியாதி தெரிந்தவுடனேயும், பிறகு வருஷந்தோறும், விழித்திரையைச் சோதிக்க வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் ஒழுகுகிறதா என்பதையும் அவ்வாறே பார்க்க வேண்டும். கால் வீங்கும் வரை காத்திருப்பது தகாது.

காலைப் பற்றி நம்மவர் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உணர்ச்சி மரத்த பாதத்தோடு உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வந்து, கொப்புளத்தை மறுநாள்தான் காண்பவர்கள் உண்டு. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் ஊன்றி, "தெரிகிறதா?" என்று கேட்பதே இதற்குரிய சோதனை. டாக்டர் மறந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே ஞாபகப்படுத்துங்கள். வீட்டில் இரவு கால் கழுவும்போது விரலிடுக்குகளை ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இதைச் செய்யலாம்.

கண் சோதனைக்குப் போகிறவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நலம். பாவையை விரிக்க மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் எழுத்துக் கலங்கும், வெயில் கூசும். அன்று சைக்கிளையோ மோட்டாரையோ தாமே ஓட்டிக்கொண்டு திரும்ப எண்ண வேண்டாம்.