எடை மட்டும் போதுமா?

மாணவர்களே! திருப்பூர்ப் பனியன் பெட்டிகள் அவசரமானால் விமானத்திலும் செல்வதுண்டு. மொத்த எடை சரியாக இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். போதாது, இடமும் சரியாக இருக்க வேண்டும்.

1997 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்காவின் மியாமியில் டிசி-8 சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டது. அதில் இருந்ததும் துணிதான். ஜீன்ஸ் தைக்கும் டெனிம். சரக்கைத் திட்டப்படி ஏற்றாததால் விமானத்தின் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்ந்திருந்தது. விமானிக்குக் கிடைத்த கணக்கோ வேறு. ஓடுபாதையை விட்டு எழும்போதே மூக்கு அளவுமீறி உயர்ந்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. ஐவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் தரையில் இருந்தவர்.

காரணம் நீங்கள் படித்த நெம்புகோல் விதிதான். எடையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் 2 மீட்டரில் வைத்த 100 கிலோவும், 4 மீட்டரில் வைத்த 50 கிலோவும் வாலை ஒரே அளவே அழுத்தும்.

ஆகவே, பெட்டியின்மேல் எடையை எழுதுபவரும் அதை அடுக்குபவரும் விமானியைப் போலவே பொறுப்புள்ளவர்கள். நாளை அந்தப் பணி உங்களுடையதாகலாம். "சில கிலோதானே, எங்கே வைத்தால் என்ன?" என்று அப்போது கேட்காதீர்கள்!