எந்தக் கணினி மொழிக்கும் ஒரே வேலை இல்லை

பன்வில பக்கத்திலிருந்து கண்டிக்கும் வத்தேகமவுக்கும் வகுப்புக்குப் போய்வரும் பிள்ளைகளிடம் ஒரு பேச்சு ஊறிப்போயிருக்கிறது. பைதன் என்றால் செயற்கை நுண்ணறிவு. பி.எச்.பி. என்றால் சின்னக் கடைகளின் இணையத்தளம். ஜாவா என்றால் பெரிய கம்பனி. போர்ட்ரான், பஸ்கால் எல்லாம் காலம் முடிந்தவை. ஆகவே எந்த வேலைக்குப் போவது என்று முதலில் முடிவெடு, அதற்குரிய மொழியை மட்டும் படி. பெற்றோரும் இதை நம்பி, கொழுந்து பறித்த காசில் ஒரு மொழிக்கு ஒரு வகுப்பு, இன்னொரு மொழிக்கு இன்னொரு வகுப்பு என்று கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் காசுக்காகவாவது இந்தப் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

பைதனிலிருந்து தொடங்குவோம். 1989 டிசம்பர் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் குய்டோ வான் ரோசம் அதை எழுதத் தொடங்கியபோது செயற்கை நுண்ணறிவு அவர் நினைப்பில் இல்லை. ஏ.பி.சி. என்ற கற்பித்தல் மொழியின் எளிமையை எடுத்து, கணினியில் அன்றாடம் செய்யும் சில்லறை வேலைகளைச் சுருக்கமாக எழுத ஒரு மொழி வேண்டும் என்று நினைத்தார். 1991இல் அது வெளியானது. எண்களை மொத்தமாகக் கையாளும் நம்பை நூலகம் 2006இல் வந்தது. அதன் உள்வேலை சி மொழியில் எழுதப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் பயன்படுத்தும் பைடார்ச்சின் உள்வேலை சி++. பைதன் மேலே நின்று கட்டளை கொடுக்கிறது. பெருங்கணக்கைக் கீழே வேறு மொழிகள் செய்கின்றன. பைதன் படித்தவுடன் செயற்கை நுண்ணறிவு கைக்கு வந்துவிடும் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், அந்தக் கணிதம் முழுவதையும் அதன் கண்ணிலிருந்து மறைக்கிறோம்.

காலம் முடிந்த மொழி என்ற பேச்சும் அப்படித்தான். போர்ட்ரான் 1957இல் ஐ.பி.எம். வெளியிட்டது. உலகெங்கும் ஆய்வாளர்கள் ஓட்டும் டபிள்யூ.ஆர்.எப். என்ற வானிலை மாதிரி இன்றும் பெரும்பாலும் போர்ட்ரானில்தான் இருக்கிறது. நக்கிள்ஸ் மலைச்சரிவில் மழை எப்போது கொட்டும் என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதைக் கணிக்க உதவும் மொழியைச் செத்த மொழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சாதாரண தரத்தில் பஸ்கால் படித்தது வீண் என்று வருந்தும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: நிபந்தனை, சுழற்சி, அணி எல்லாம் அங்கே கற்றவைதான். உயர்தரத்தில் பைதனுக்குப் போகும்போது எழுத்து முறைதான் மாறுகிறது.

பி.எச்.பி.யை இழிவாகப் பேசுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் இந்த நாட்டிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்று ஓரிடத்தில் பார்க்க வழியிருக்கவில்லை. இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வலர்களாகக் கூடி சஹானா என்ற முறைமையைக் கட்டினார்கள். அது பி.எச்.பி.யில் எழுதப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அதே முறைமை அங்கே போனது. 2006க்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. பிறகு சஹானாவைப் பைதனில் புதிதாக எழுதினார்கள். 2010இல் ஹெயிட்டியில் ஓடியது அதுதான். ஒரே வேலையை இரண்டு மொழிகளும் செய்தன. முகாமில் இருப்பவர்களுக்கு எது வேண்டும் என்ற தெளிவு இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கியும் பி.எச்.பி.தான்.

தமிழ்ப் பிள்ளைகள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இந்தப் பேச்சில் வருவதே இல்லை. தமிழ் எழுத்தை எந்த மொழி நன்றாகக் கையாளும்? பைதன்தான் என்று பலர் சட்டென்று சொல்வார்கள். ‘பன்வில’ என்று எழுதி நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். நமக்கு நான்கு எழுத்து: ப, ன், வி, ல. பைதன் ஆறு என்று சொல்லும், ஏனென்றால் புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டும் வழமையான எண்ணிக்கையில் ஆறுதான் தரும். ஐபோன் செயலிகளுக்கான சுவிஃப்ட் நான்கு என்று சரியாகச் சொல்லும். பி.எச்.பி.யில் எந்தக் கட்டளையால் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதினெட்டு, ஆறு, நான்கு என்று மூன்று விடைகளும் வரும். பதினெட்டு என்பது சேமிப்பில் அது பிடிக்கும் பைட்டுகள்.

அகரவரிசை இன்னும் நல்ல சோதனை. கமலா, கனகா என்று இரண்டு பெயர்கள். நம் அகராதியில் மகரம் முன்னே, னகரம் கடைசி. ஆகவே கமலா முதலில் வர வேண்டும். யுனிகோட் அட்டவணையில் னகரத்தின் எண் மகரத்தின் எண்ணுக்கு முந்தியது. பைதனின் சாதாரண வரிசைப்படுத்தல் அந்த எண்ணைத்தான் பார்க்கும், கனகாவை முன்னே வைத்துவிடும். பி.எச்.பி.யின் intl நீட்சியிலும் ஜாவாஸ்கிரிப்டின் Intl பகுதியிலும் தமிழ் வரிசை தெரிந்த கருவி இருக்கிறது. பைதனுக்கு முத்து அண்ணாமலை முதலானோர் கட்டிய ஓப்பன்-தமிழ் நூலகத்தைச் சேர்த்தால் எழுத்தெண்ணலும் வரிசையும் சரியாகிவிடும். ஆகவே எது நல்ல மொழி என்ற கேள்விக்கு இங்கே விடை, நமக்காக யாராவது நூலகம் எழுதியிருக்கிறாரா என்பதில் இருக்கிறது. எழுதப்படாத இடங்கள் இன்னும் நிறைய உண்டு. அவற்றை எழுதும் வேலை நம் பிள்ளைகளுக்குக் காத்திருக்கிறது.

மொழிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில கிலோபைட் நினைவகம் மட்டுமுள்ள சிறு சில்லில் பைதனை ஓட்ட முடியாது. அங்கே சி வேண்டும். இணைய உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டைத் தவிர்த்து அதிக தூரம் போக முடியாது. குறிப்பிட்ட வேலைக்கென்றே வடிவமைத்த மொழியும் நம் நாட்டில் பிறந்திருக்கிறது: டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2019இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்ட பலரினா, வலையமைப்பில் ஒரு சேவை இன்னொன்றோடு பேசும் வேலையை எளிதாக்க வந்தது. ஆனால் இத்தகைய காரணங்கள் பொறியியல் காரணங்கள். வகுப்பு விளம்பரம் சொல்லும் ‘வேலைக்கு ஒரு மொழி’ இவற்றில் எதிலும் நிற்கவில்லை.

இறுதியாக, மொழியைத் தெரிவு செய்தால் மற்றது தானாக வரும் என்ற நம்பிக்கை. தோட்டத்துப் பிள்ளை ஒன்று தன் தாயின் செக்ரோலை, அதாவது தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டை, சரிபார்க்க ஒரு செய்நிரல் எழுதுவதாக வைப்போம். பெயர், திகதி, நிறுத்த கிலோ, நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கிலோ, கூடுதல் கிலோவுக்கான காசு. பைதனில் சில பத்து வரிகள், பி.எச்.பி.யிலும் பஸ்காலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், எப்போது விழும்? ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள்? மழை நாளில் அது மாறுமா? நிறுவைச் சீட்டிலும் செக்ரோலிலும் எண் வேறுபட்டால் எதை நம்புவது? இவற்றுக்கு விடை மலையில் வேலை செய்பவர்களிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளை அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும், பிறகு பாடத்திட்டத்தில் இருக்கும் பைதனிலேயே தொடங்கட்டும். இன்னொரு வகுப்புக்குக் காசு வேண்டாம். பெயர்களை அகரவரிசைப்படுத்தும் இடத்தில் மட்டும் ஓப்பன்-தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும்.