துடுப்பு சொல்லும் பிறப்பு, காதுக்கல் சொல்லும் வயது

“என் தம்பி மகன் அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரை ஊர் ஒன்றில் வேலை பார்க்கிறான். தூண்டிலில் பிடித்ததாக ஒரு மீன் படம் அனுப்பினான். ‘இது ஏரியில் பிறந்த மீன் இல்லை, பண்ணையில் பொரித்து விட்டது. வயது பத்துக்கு மேல் இருக்கும்’ என்கிறான். வெறும் கண்ணால் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியுமா? என் பண்ணைக்குட்டை மீன்களுக்கும் இப்படிப் பார்க்கலாமா?”
- வாசகர், சத்தியமங்கலம்

உங்கள் தம்பி மகன் சொன்னதில் முதல் பாதியை நம்பலாம். வயதைப் பற்றிச் சொன்னது ஊகம்தான்.

அந்த மீனின் பெயர் ‘லேக் டிரவுட்’. கறுத்த உடம்பில் வெளிர் புள்ளிகளும், ஆழமாகப் பிளந்த வாலும் இதன் அடையாளம். நம் நீலகிரி ஓடைகளில் இருக்கும் ரெயின்போ டிரவுட் வேறு. அதற்கு வெளிர் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை.

மிச்சிகன் ஏரியில் 1950-களின் நடுவிலேயே இந்த மீன் இல்லாமல் போய்விட்டது. அளவில்லாமல் பிடித்தது ஒரு காரணம். விலாங்கு போன்ற உருவத்தில் கடலிலிருந்து வந்து, உடம்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் லாம்ப்ரே இன்னொரு காரணம். லாம்ப்ரேயை மருந்து போட்டுக் கட்டுப்படுத்திய பிறகு, 1965 முதல் பண்ணைக் குஞ்சுகளை விட ஆரம்பித்தார்கள். விட்ட குஞ்சுகள் வளர்ந்தன. ஆனால் அவை ஏரியில் முட்டையிட்டு அடுத்த தலைமுறை வருகிறதா? கோடிக்கணக்கில் செலவு செய்தவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. பிடிபடும் மீன் பண்ணையில் பிறந்ததா, ஏரியில் பிறந்ததா என்று தெரியாவிட்டால், குஞ்சு விடுவதை எப்போது நிறுத்தலாம் என்றே தெரியாது.

அதற்குத்தான் துடுப்பு வெட்டு. டிரவுட்டுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, முள் இல்லாத சிறு சதைத் துடுப்பு ஒன்று உண்டு. கொழுப்புத் துடுப்பு என்பார்கள். அதை அடியோடு வெட்டினால் மறுபடி முளைக்காது. படத்திலுள்ள மீனுக்கு அது இல்லையென்றால் பண்ணைமீன் என்பது உறுதி. முன்பெல்லாம் ஓர் ஆண்டுக் குஞ்சுக்கு இடது மார்புத் துடுப்பு, அடுத்த ஆண்டுக்கு வலது என்று மாற்றி மாற்றி வெட்டினார்கள். வெட்டைப் பார்த்தே பிறந்த ஆண்டைச் சொல்ல முடிந்தது. இருப்பதோ சில துடுப்புகள். அதனால் சில ஆண்டுகளில் அதே அடையாளம் திரும்பி வரும். இப்போது கொழுப்புத் துடுப்பை வெட்டுவதோடு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள எண் பொறித்த கம்பித் துணுக்கை மூக்கெலும்புப் பக்கம் செலுத்திவிடுகிறார்கள். வண்டியில் பொருத்திய இயந்திரமே இரண்டையும் செய்துவிடுகிறது. பிடிபட்ட மீனின் தலையை வாங்கி, துணுக்கை எடுத்து உருப்பெருக்கியில் படித்தால், எந்த ஆண்டு, எந்தப் பண்ணை என்பது வரை தெரிந்துவிடும்.

சுப்பீரியர் ஏரியில் வெட்டில்லாத மீன்கள் பெருகியதைப் பார்த்துத்தான், 1990-களில் அதன் பெரும்பகுதியில் குஞ்சு விடுவதை நிறுத்தினார்கள்.

வெட்டும் துணுக்கும் இல்லாத மீனுக்கு வயது பார்ப்பது எப்படி? எடையை நம்பவே கூடாது. குளிர்ந்த ஆழத்தில் மெதுவாக வளரும் மீன் இது. ஒரே எடையுள்ள இரண்டு மீன்களுக்குப் பத்து வயது வித்தியாசம்கூட இருக்கலாம். முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும், சில ஏரிகளில் அதற்கும் மேல். செதிலில் மர வளையம் போல வளையங்கள் விழும். ஆனால் கிழட்டு மீனில் அவை ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு எண்ண முடியாமல் போகும், வயது குறைவாகவே தெரியும். சரியான சாட்சி காதுக்கல். மூளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய சுண்ணாம்புக் கல் அது. குறுக்கே அறுத்து மெருகேற்றினால், கோடையில் அகலமாகவும் குளிர்காலத்தில் ஒடுக்கமாகவும் பட்டைகள் தெரியும். மீனைக் கொன்றால்தான் கல் கிடைக்கும் என்பது இதிலுள்ள சங்கடம். எண்ணியது சரியா என்று சரிபார்க்க உதவுவதும், பிறந்த ஆண்டு தெரிந்த அந்தப் பண்ணை மீன்கள்தான்!

இனி உங்கள் குட்டைக்கு வருவோம். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்குக் கொழுப்புத் துடுப்பே கிடையாது. நம் ஊர் வெப்பத்தில் வளையங்களும் அவ்வளவு தெளிவாக விழாது. ஆண்டுக்கொரு முறை அறுவடை செய்யும் குட்டையில் இதற்காக மெனக்கெடவும் வேண்டாம். உங்களுக்கு வயது முக்கியமாகிற இடம் குஞ்சு வாங்கும் நேரம். இடநெருக்கடியில், குறைந்த தீனியில் ஓராண்டு வைத்திருந்த குஞ்சு, பார்வைக்குச் சிறுசாகத்தான் இருக்கும். குட்டையில் விட்டதும் வேகமாக எடை போடும் என்பதால் அதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. ஆக, நீளத்தை மட்டும் பார்க்காமல், பொரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு இடத்தில் குஞ்சு வாங்கினால், எது நன்றாக வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். விரல் நீளக் குஞ்சில் முதல் இடத்ததில் 100-க்கு இடது வயிற்றுத் துடுப்பையும், மற்றதில் 100-க்கு வலதையும் சிறு கத்தரியால் அடியை ஒட்டி வெட்டுங்கள். அதிகாலைக் குளிர்ச்சியில், ஈரக் கையோடு செய்யுங்கள். எதை எங்கே வெட்டினீர்கள், தேதி என்ன என்று நோட்டில் எழுதி வையுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எண்ணி, எடை போடுங்கள். வயிற்றுத் துடுப்பு ஓரளவு மறுபடி வளரக்கூடும். குட்டையாகவோ கோணலாகவோ இருந்தால் அதுவும் வெட்டிய மீன்தான்.