'ஸ்பீட் இல்லாட்டி குப்பை' எண்டு சொல்றவைக்கு

போக்கிமொன் சண்டை விளையாடுகிற எந்தக் கூட்டத்துக்குள் போனாலும், புதுசா வாறவருக்கு முதல் நாளே ஒரு உபதேசம் கிடைக்கும். "ஸ்பீடைப் பாருங்கோ. ஸ்பீட் இல்லாட்டி குப்பை." சொல்கிறவருக்கு இரண்டு வருச அனுபவம் இருக்கும். கேட்கிறவருக்கு இரண்டு மணித்தியாலம். கேட்கிறவர் தலையை ஆட்டிப்போட்டு, தனக்குப் பிடித்த பெரிய, மெதுவான போக்கிமொனை டீமிலிருந்து தூக்கிவிடுவார்.

இந்த உபதேசத்தை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருசம் எங்கட ஹொஸ்டலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இரவில் விளையாடுவோம். ஒருத்தரிடமும் நிண்டெண்டோ ஸ்விட்ச் இல்லை. போனில் போக்கிமொன் ஷோடவுன் தளத்தைத் திறந்தால் போதும், காசும் தேவையில்லை. விளையாடுவது இரட்டையர் முறை: ஆறு பேர் கொண்ட டீமில் நாலு பேரைத் தெரிவுசெய்து, ஒரே நேரத்தில் இரண்டு இரண்டு பேராக இறக்கவேண்டும். முதலாம் வருசத் தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். அவனுடைய டீமில் ரைபீரியர் இருந்தது. காண்டாமிருகம் மாதிரி ஒரு பாறை மலை. அட்டாக் 140, ஸ்பீட் 40.

"தம்பி, உதைத் தூக்கு. கார்ச்சோம்பைப் போடு" எண்டு சொன்னது நான்தான்.

"அண்ணா, இது அடிச்சா ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்."

"அடிக்கிறதுக்கு முதல் நீ செத்துடுவாய்."

எல்லாரும் சிரித்தோம். அவன் தூக்கினான். கார்ச்சோம்புக்கு அட்டாக் 130, ஸ்பீட் 102. காகிதத்தில் பார்த்தால் பத்துப் புள்ளியைக் கொடுத்து அறுபத்திரண்டு புள்ளியை வாங்கியிருக்கிறான், நல்ல வியாபாரம். ஆனால் அவன் முன்னையை விடக் கூடத் தோற்றான். அந்த டீம் அவனுடையது இல்லை, எங்களுடையது. எதை எப்ப இறக்கவேண்டும் என்று அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாதத்தில் வாறதை நிப்பாட்டிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் நான் இருந்து கணக்குப் பார்த்தேன். ஆர்ட்ஸ் பக்கல்டிக்காரனுக்குக் கணக்கு எதுக்கு எண்டு கேக்காதேங்கோ. பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி: ஸ்பீட் என்ன செய்கிறது? ஆர் முதல் அடிக்கிறது எண்டு முடிவு செய்கிறது. கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதிரியை விட ஒரு புள்ளி கூட இருந்தாலும் முதல் அடி உங்களுக்கு, நூறு புள்ளி கூட இருந்தாலும் அதே முதல் அடிதான். மிஞ்சின தொண்ணூற்றொன்பதும் அந்த எதிரியிடம் வீண். அட்டாக் அப்படி இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அடியில் சேரும். உயிர்ப்புள்ளியும் அப்படித்தான், ஒவ்வொன்றும் தாங்க உதவும். ஆக, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் நடுவில் நிற்கிறவர்தான் உண்மையில் பாவம். 70, 80 ஸ்பீட் இருக்கிற போக்கிமொன் வேகமானவரிடமும் பிந்தும், வேகத்தைத் தலைகீழாக்கினால் மெதுவானவரிடமும் பிந்தும். அதை ஒருத்தரும் குப்பை எண்டு சொல்றதில்லை. ஏனெண்டா பட்டியலில் அந்த இலக்கம் பார்க்க மரியாதையாகத் தெரியும்.

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஸ்கார்லெட், வயலட் காலத்தவை. ஃப்ளட்டர் மேன்: உயிர், அட்டாக், டிஃபென்ஸ் மூன்றும் 55, ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீட் மூன்றும் 135. அயன் ஹாண்ட்ஸ்: உயிர் 154, அட்டாக் 140, டிஃபென்ஸ் 108, ஸ்பெஷல் அட்டாக் 50, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 68, ஸ்பீட் 50. கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் 570. ஒரே காசு, வாங்கின சாமான்தான் வேறு. ஒருவர் ஸ்பீடுக்குச் செலவழித்தார், மற்றவர் உயிருக்கும் கைக்கும் செலவழித்தார். "ஸ்பீட் இல்லை" எண்டு சொல்லுகிற வாய், அந்தக் காசு எங்க போனது எண்டு ஏன் கேட்பதில்லை?

அயன் ஹாண்ட்ஸ் அந்தக் காலத்து இரட்டையர் போட்டிகளில் எவ்வளவு தூரம் பயன்பட்டது என்று விளையாடினவர்களுக்குத் தெரியும். இறங்கின சுற்றிலேயே ஃபேக் அவுட்டால் ஒருவரைத் திகைக்க வைக்கும். அது முன்னுரிமை அடி, ஸ்பீட் 50 என்றாலும் முந்தும். பிறகு ஒரு அடியை வாங்கும், நிற்கும், ட்ரெய்ன் பஞ்சால் திருப்பி அடித்து, கொடுத்த சேதத்தில் பாதியைத் தன் உயிராக எடுத்துக்கொள்ளும். பிந்தி அடிப்பது அதற்கு ஒரு குறையே இல்லை.

"அது புதுசு, விதிவிலக்கு" எண்டு சொல்லுவினம். சரி, பழசுக்குப் போவோம். 1999இல் ஜப்பானில் வந்த கோல்ட், சில்வர் காலத்துப் போட்டி ஆட்டத்தில் எல்லாரும் பயந்தது ஆருக்கு? ஸ்நோர்லாக்ஸுக்கு. உயிர் 160, அட்டாக் 110, ஸ்பீட் 30. அதுவும் கேர்ஸ் போட்டால் இருக்கிற ஸ்பீடையும் குறைத்து, அதற்குப் பதிலாக அட்டாக்கையும் டிஃபென்ஸையும் ஏற்றும். இல்லாத வேகத்தை விற்றுப் பலம் வாங்குகிற வேலை. அந்தக் காலத்தில் டீம் கட்டுகிறவர் முதல் கேட்கிற கேள்வியே ஸ்நோர்லாக்ஸை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான்.

இனி ட்ரிக் ரூம். இதைத்தான் எல்லாரும் அரைகுறையாய்ப் பேசுகிறார்கள். 2006இல் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகளோடு வந்த அசைவு இது. போட்டால் வரிசை தலைகீழாகும், மெதுவானவர் முதல் அடிப்பார். அதைப் போட்ட சுற்றையும் சேர்த்து 5 சுற்றுக்கு நிற்கும். போடுகிறவர் அந்தச் சுற்றில் கடைசியாகத்தான் போடுவார், அதனால் கையில் கிடைப்பது 4 சுற்று.

அந்த நாலு சுற்றில் என்ன நடக்கும்? டோர்கோல் என்ற ஆமையை எடுப்போம். ஸ்பீட் 20. 50ஆம் லெவலில், ஸ்பீடைக் குறைக்கிற நேச்சரும் கொடுத்தால் அதை 22 வரை இறக்கலாம். முழுதாக ஏற்றின ஃப்ளட்டர் மேனின் ஸ்பீட் 205. ட்ரிக் ரூமுக்குள் முதல் அடிப்பது 22. அடிக்கிற அடி எரப்ஷன். முழு உயிரோடு இருந்தால் அதன் பலம் 150. டோர்கோல் இறங்கும்போதே வெயிலைக் கொண்டுவரும், நெருப்பு 1.5 மடங்கு. தன் சொந்த வகை அடி, இன்னொரு 1.5 மடங்கு. இரண்டு எதிரிக்கும் பரவுவதால் 0.75. பெருக்கினால் 253. பலம் 90 உள்ள நல்லதொரு சொந்த வகை அடிக்கு அதே கணக்கில் வருவது 135, அதுவும் பெரும்பாலும் ஒருத்தருக்கு மட்டும்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். உயிர் குறையக் குறைய எரப்ஷனின் பலமும் குறையும். பாதி உயிரில் 75தான். அடி வாங்குவதற்கு முதலே அடித்தால்தான் அதற்கு மதிப்பு. அப்படிப்பட்ட அடியை, உலகத்திலேயே பிந்தி வாற ஆமையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் பார்த்தால் பகிடி மாதிரி இருக்கும். ட்ரிக் ரூம் போடுகிற ஹாட்டரீனைப் பக்கத்தில் நிறுத்தினால் அது பகிடி இல்லை. தனி ஒருவரின் இலக்கத்தை மட்டும் பார்த்துத் தரம் பிரிக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் பட்டியலில் பக்கத்தில் நிற்கிறவர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டோர்கோலும் மழை கொண்டுவருகிற பெலிப்பரும் ஒரே நேரத்தில் இறங்கினால் ஆருடைய வானிலை நிற்கும்? வேகமானவரின் திறன் முதல் வேலை செய்யும், மெதுவானவரின் திறன் பிறகு வந்து அதை அழிக்கும். பெலிப்பரின் ஸ்பீட் 65. வெயில்தான் நிற்கும். இந்த இடத்தில் மெதுவாய் இருப்பதே ஆயுதம்.

இப்ப எதிர்ப்பக்கம். "நாலு சுற்றுத்தானே, நான் ப்ரொடெக்ட் போட்டுக் கடத்திவிடுவேன்." ஓம், கடத்தலாம். ஆனால் தொடர்ந்து இரண்டாவது தரம் ப்ரொடெக்ட் போட்டால் அது வேலை செய்ய மூன்றில் ஒரு சந்தர்ப்பம்தான். "ட்ரிக் ரூம் போடுறவரையே நிப்பாட்டிவிடுவேன்." அதுவும் சரி. டோண்ட் போடலாம், ஃபேக் அவுட் போடலாம், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளை அடிக்கலாம். அதற்குத்தான் ஹாட்டரீனுக்கு டோண்டைத் திருப்பி அனுப்புகிற மேஜிக் பவுன்ஸ் இருக்கிறது. அதற்குத்தான் பெண் இண்டீடீ இறங்கும்போதே நிலத்தை மாற்றி, நிலத்தில் நிற்கிறவர்கள்மேல் முன்னுரிமை அடி விழாமல் தடுக்கிறது. ஃபாலோ மீ போட்டு அடியைத் தன் பக்கம் இழுக்கிறது. இது மந்திரம் என்று நான் சொல்லவில்லை. நிறையத் தரம் பிழைக்கும். பிழைத்த ஆட்டங்களில் என் மெதுவான நாலு பேரும் வரிசையாக விழுந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஒற்றையர் ஆட்டத்தில் இது இன்னும் கஷ்டம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பாதுகாக்க ஒருத்தரும் இல்லை, ஆட்களை மாற்றுவதிலேயே சுற்றுகள் போய்விடும். அங்கே வேறு வழி வேணும். ஸ்வோர்ட், ஷீல்ட் காலத்திலிருந்து டெலிபோர்ட் போட்டால் கடைசியாக வெளியேறி இன்னொருவரை உள்ளே விடலாம். வெளியேறுகிறவர் அடியை வாங்கிவிடுவார், வாறவர் முழு உயிரோடு வருவார். கொங்கெல்டர் மாதிரி ஸ்பீட் 45 உள்ளவருக்கு மாக் பஞ்ச் இருக்கிறது. அசுமாரிலுக்கு அட்டாக்கை இரட்டிப்பாக்குகிற ஹியூஜ் பவரும் முந்தி அடிக்கிற அக்வா ஜெட்டும் இருக்கின்றன.

எல்லா மெதுவானவரும் நல்லவர் என்றும் சொல்லமாட்டேன். ராம்பார்டோஸைப் பாருங்கள். அட்டாக் 165, ஸ்பீட் 58, ஆனால் டிஃபென்ஸ் 60, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 50. வேகத்தை விட்டுக்கொடுத்துத் தாங்குகிற பலத்தையும் வாங்கவில்லை. அதை வைத்து வெல்வது உண்மையில் கஷ்டம். ஆனால் அந்தத் தீர்ப்பு ஸ்பீடைப் பார்த்து வந்த தீர்ப்பு இல்லை, முழுக் கணக்கையும் பார்த்து வந்த தீர்ப்பு. என் சண்டை இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

வேகமான டீமை விளையாடுவது லேசு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் லேசானது என்பதும் சிறந்தது என்பதும் ஒன்றில்லை. புதுசா வாறவனுக்கு "வேகமானதை எடு" எண்டு சொல்றது, உனக்கு யோசிக்க ஏலாது, நாங்கள் யோசிச்சதைக் கொப்பி அடி எண்டு சொல்றதுதான். மெதுவான ஒருவரை வைத்து விளையாடினால், அடுத்த சுற்றில் எதிரி என்ன செய்வார், ஆர் அடி வாங்கவேணும், ஆர் காத்திருக்கவேணும் எண்டு முதல் ஆட்டத்திலேயே யோசிக்கத் தொடங்கவேண்டி வரும். அதுதானே இந்த விளையாட்டு? அந்தப் பாடத்தை நாங்கள் அவனிடமிருந்து பறித்துவிட்டு, அவனுக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு இருந்தோம்.

ஆகவே அடுத்த முறை ஆராவது உங்களிடம் ஒரு மெதுவான மலையைக் கொண்டுவந்து காட்டினால், மூன்று கேள்வி மட்டும் கேளுங்கோ. ஒரு அடியைத் தாங்குமா? அதற்கு முறை வாங்கிக் கொடுக்க ஆர் நிக்கினம்? அது அடிச்சா ஆர் விழுவினம்? மூன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கோ. பதில் இல்லாவிட்டால் இருந்து சேர்ந்து தேடுங்கோ. "தூக்கு" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

அந்தத் தம்பியைப் போன கிழமை கன்ரீனில் கண்டேன். "ரைபீரியரை வச்சு ஒரு டீம் கட்டியிருக்கிறன், ஒருக்கா என்னோட விளையாடுறியா?" எண்டு கேட்டேன். "இப்ப உதெல்லாம் விட்டிட்டன் அண்ணா" எண்டு சிரித்துக்கொண்டு பிளேன் ரீயைக் குடித்தான்.

டீம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஹாட்டரீன், இண்டீடீ, டோர்கோல், ரைபீரியர், இன்னும் இரண்டு பேர். ஆருக்கும் விருப்பமெண்டால் வாங்கோ. தோத்தாலும் சிரிக்கமாட்டன்.